நான்காவதில் அடித்தவர்

"நாலாவதுல பந்தைத் தரையில அடிச்சவனுக்கு மண்டபத்துல இடம் கொடுப்பாங்களா?"

போன வருடம் கர்ட்டிஸ் மேப்ரி என்னிடம் இப்படிக் கேட்டார். மார்வா அத்தையின் உணவகத்துக்கு வெளியே, தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் வழியாகக் காபியை நீட்டிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. என்னிடம் பேசுகிறவர்கள் பதிலை எதிர்பார்ப்பதும் இல்லை. வகுப்புக்கு முன்னால் எழுந்து நின்று பேசச் சொன்னதால்தான் நான் பள்ளியைப் பாதியில் விட்டேன் என்பது கார்மன்ஸ் ரன் ஊர் முழுவதும் தெரியும். ஆனாலும் கர்ட்டிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை சுட்டதால் நான் கை மாற்றிப் பிடித்தேன். பிறகு அவராகவே, "சரி விடு, சர்க்கரை போட்டியா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த வருடமும் கொடுக்கவில்லை.

மண்டபம் என்றால், அமெரிக்கக் கால்பந்தில் புகழ் பெற்றவர்களுக்காகக் காண்டன் நகரத்தில் இருக்கிற பெரிய மண்டபம் இல்லை. அங்கே யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று நாடு முழுவதும் சண்டை போடட்டும். எங்கள் மண்டபம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் நடைபாதை. கோப்பை அலமாரிக்கும் ஆண்கள் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு சுவர். அதில் வெண்கலத் தகடுகள். வருடத்துக்கு ஒரே ஒரு தகடு, கோச்சுக்கோ ஆட்டக்காரருக்கோ. காண்டனைப் பற்றிச் சண்டை போட்டால் அடுத்த நாள் சேர்ந்து பியர் குடிக்கலாம். எங்கள் சுவரைப் பற்றிச் சண்டை போட்டால் கிறிஸ்துமஸுக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக மாட்டார்கள்.

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை, காலைக் கூட்டம் கலைந்ததும், அத்தையின் உணவகத்தில் பின்பக்க வட்ட மேஜையில் ஐந்து பேர் உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். கோச்சுக்கு வெள்ளைச் சர்க்கரைப் பொட்டலம், ஆட்டக்காரருக்கு இளஞ்சிவப்புப் பொட்டலம். ஓட்டாக அதை ஒரு பழைய ஹெல்மெட்டில் போட வேண்டும். தோற்ற பக்கத்தில் யார் அதிகமாகக் கத்தினாரோ அவரே ஜெயித்தவருக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெயர் பட்டியலில் இருப்பவர் உள்ளே வரக் கூடாது. கர்ட்டிஸ் உள்ளே வந்ததில்லை. வண்டியின் மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டு வெளியே காத்திருப்பார்.

ஒரு பெயர் பத்து தடவைதான் பட்டியலில் வரலாம். அதற்குப் பிறகு எடுத்துவிடுவார்கள். இந்த வருடம் கர்ட்டிஸுக்குப் பத்தாவது தடவை.

எதிரில் இருந்த பெயர் கோச் ஆரின் டெம்ஸ்கி. அவர் உயிரோடு இருந்தவரை, "என் மூஞ்சியைக் கழிப்பறைப் பக்கத்துல மாட்டினீங்கன்னா நானே வந்து பேர்த்து எடுப்பேன்" என்று மிரட்டி வைத்திருந்தார். வசந்த காலத்தில் இறந்துபோனார். இனி யாரும் தடுக்க முடியாது என்று ஊரே அவர் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

கர்ட்டிஸ் கோச் டெம்ஸ்கியின் குவாட்டர்பேக், பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். இந்தப் பள்ளத்தாக்கில் அவரைப் போலப் பந்து எறிந்தவர் யாரும் இல்லை என்று அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்ட கையோடு நான்கு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

முப்பது வருடத்துக்கு முன்னால், லீக்கை ஜெயித்த மறு வருடம், மறுபடியும் லீக் இறுதி ஆட்டம். எங்கள் மைதானம், மழை. எதிரணி வெஸ்ட் ஆல்டன் நான்கு புள்ளி முன்னால். சில விநாடிகள்தான் மிச்சம், இடைநிறுத்தம் ஒன்றும் கையில் இல்லை. பத்து கஜம் நகர நான்கு முயற்சி. அதற்குள் நகராவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். மூன்றாவது முயற்சியில் கர்ட்டிஸ் எறிந்த பந்தை ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பையன் ஒருவன் பாய்ந்து பிடித்தான். ஒரு சாண் குறைந்துவிட்டது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தை நிறுத்த ஒரு வழி உண்டு. பந்தை வேண்டுமென்றே தரையில் அடிக்கலாம். ஆனால் அதுவும் ஒரு முயற்சியாகக் கணக்காகும். மூன்றாவதில் அடித்தால் புத்திசாலி. நான்காவதில் அடித்தால் ஆட்டத்தைத் தூக்கி எதிரி கையில் கொடுத்ததாக அர்த்தம்.

கர்ட்டிஸ் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். ஓரத்தைப் பார்த்தார். பந்தை வாங்கித் தரையில் அடித்தார். அது நான்காவது.

எங்கள் ஊரில் ஆட்டத்தின் நான்காவதும் கடைசியுமான கால் பகுதி தொடங்கும்போது மைதானம் முழுக்க எழுந்து நின்று நான்கு விரலைத் தூக்குவது வழக்கம். இது எங்கள் நேரம் என்று அதற்கு அர்த்தம். அந்த ஆட்டத்துக்குப் பிறகு பாதிப் பேர் விரலைத் தூக்கிக்கொண்டு கர்ட்டிஸ் நிற்கும் வேலிப் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். குளிர்காலத்தில் அவர் அரசாங்க லாரியில் சாலைப் பனியை வாரிக்கொண்டு போகும்போது, வாசலில் நிற்கும் குழந்தைகள்கூட நான்கு விரல் காட்டும். அவர் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். வேலியோரம் நிற்கும்போது அவர் கைகள் எப்போதும் கோட்டுப் பைக்குள்தான் இருக்கும்.

அதிகமாகச் சிரித்தவர் என் அப்பா, லாய்ட் பென்கோ.

அப்பாவுக்கு அதற்கு ஓர் உரிமை உண்டு என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஆட்டத்தில் ஓரக்கோட்டில் எண் கம்பு பிடித்தவர் அவர்தான். எத்தனையாவது முயற்சி என்று மைதானத்துக்குக் காட்டும் கம்பு அது. ஒவ்வொரு முயற்சியும் முடிந்தவுடன் உச்சியில் இருக்கும் எண்ணைப் புரட்ட வேண்டும். "நான் நாலு காட்டினேன். அவன் பாக்கல" என்று அப்பா சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கம்பு பிடிப்பவர் எந்தப் பக்கத்துக்கும் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது என்பது விதி. "கல்லு மாதிரி நின்னேன்" என்று அதையும் சேர்த்துச் சொல்வார். ஆட்டத்தை எடுத்த படத்தில் கம்பு தெரியாது. படம் மைதானத்தின் நடுவை மட்டும்தான் காட்டுகிறது.

எங்கள் வீட்டில் அப்பா கல் மாதிரி உட்கார்ந்து ஆட்டம் பார்த்து நான் கண்டதில்லை. தொலைக்காட்சியில் யாராவது நீளமாக எறிந்த பந்தைப் பிடித்துவிட்டால் அவருடைய இரண்டு கைகளும் தானாக மேலே போய்விடும். கையில் சோளப்பொரி இருந்தால் அது கூரைக்குப் போகும். ரிமோட் இருந்தால் மின்விசிறிக்குப் போகும். அம்மா கடைசியில் ரிமோட்டைச் சோபாவோடு கயிறு போட்டுக் கட்டி வைத்தாள். இதையெல்லாம் நான் வீட்டுச் சங்கதியாகத்தான் நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் காபிக் குடுவையோடு வட்ட மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். தலைவர் டெல்பர்ட் ஹூக், பல வருடம் காப்பீடு விற்றவர், ஹெல்மெட்டை மேஜை நடுவில் வைத்தார். அவருக்கு இடப்பக்கம் அப்பா. வலப்பக்கம் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்மணி பெர்னிஸ் ஓகிள். அவருக்கு அடுத்து ஸ்லோவ்னிக் சகோதரர்கள், பீட்டும் ஸ்டூவியும். இரண்டு பேரும் கர்ட்டிஸுக்கு முன்னால் நின்று எதிரிகளைத் தாங்கிய முன்வரிசை ஆட்கள். நாற்காலி போதாத உடம்பு. எதற்கும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னால முடிச்சிரலாம்" என்றார் அப்பா. "கோச் டெம்ஸ்கி. வேற யாரு? வந்தப்போ நம்மகிட்ட ஒழுங்கா ஒரு பந்து கிடையாது. அஞ்சு வருஷத்துல லீக்கையே ஜெயிச்சுக் கொடுத்தாரு."

"யாரை வச்சு ஜெயிச்சாரு?" என்றார் பெர்னிஸ்.

"என்னை வச்சு" என்றார் பீட்.

"என்னையும்" என்றார் ஸ்டூவி.

"உங்க ரெண்டு பேரையும் வச்சுக் களஞ்சியக் கதவை மூடலாம், லீக் ஜெயிக்க முடியாது. கர்ட்டிஸ் படிச்சு முடிச்சுப் போனதுக்கு அப்புறம் கோச் எத்தனை ஜெயிச்சாரு? சொல்லுங்க பாப்போம். நான் பை சாப்பிட்டுக்கிட்டே காத்திருக்கேன்."

அப்பா முள்கரண்டியால் தட்டில் முட்டையை நகர்த்தினார்.

"அது பசங்க சரியில்ல" என்றார் அப்பா.

"அப்ப ஜெயிச்சா கோச், தோத்தா பசங்க. நல்ல கணக்கு."

"பெர்னிஸ், குவாட்டர்பேக்குன்னா என்ன? கோச் சொன்னதைக் கையால செய்யுறவன். கோச் மூளை, அவன் கை."

"இரும்பாலை மாதிரி மூணு பேரு மேல விழ வரும்போது எந்தக் கோச் வந்து பக்கத்துல நின்னாரு? அந்த நேரத்துல மூளையும் அவன்தான்."

"மேல விழ வந்தவன நாங்க நிறுத்தினோம்" என்றார் பீட்.

"பாதியை நிறுத்தினீங்க. மிச்சப் பாதி அவன் விலா எலும்புல நின்னுச்சு."

ஸ்டூவி வாய்விட்டுச் சிரித்தார். பீட் முறைத்ததும் நிறுத்தினார். மார்வா அத்தை அடுப்படி ஜன்னலில் தலையை நீட்டி, "சண்டை போடுறவங்க தட்டைக் காலி பண்ணிட்டுப் போடுங்க, முட்டை ஆறுது" என்றாள்.

பெர்னிஸ் விடவில்லை. "செத்தவருக்கு அவசரம் இல்ல. அடுத்த வருஷம் கோச்சைப் போடலாம். கர்ட்டிஸுக்கு அடுத்த வருஷம் கிடையாது."

"கோச் பொண்டாட்டிக்கு என்ன வயசு தெரியுமா?" என்றார் அப்பா. "அவங்க பாக்கணும் அந்தத் தகடை. அடுத்த வருஷம் நீ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்க் காட்டுவியா?"

அதில் நியாயம் இருந்தது. டெல்பர்ட்டும் தலையாட்டினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கர்ட்டிஸ் வண்டியின் கண்ணாடியில் மூச்சு படிந்திருந்தது. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

"சரி, எல்லாத்தையும் விடு" என்றார் அப்பா. முழங்கையை மேஜையில் ஊன்றி நான்கு விரலைத் தூக்கினார். "இதுக்குப் பதில் சொல்லு. எண்ணத் தெரியாதவனுக்கு வெண்கலத்துல பேரா? சின்னப் பசங்க அந்தச் சுவரைப் பாத்து என்ன கத்துப்பாங்க?"

"மழை. கூட்டம் கத்துது. பிடிச்சதும் பத்து கஜம் ஆச்சுன்னு ஊரே நினைச்சுது. எனக்கும் எத்தனாவதுன்னு தெரியல."

"நீ பாட்டு வாத்தியக் குழுவுல கொம்பு ஊதிக்கிட்டு இருந்த. உனக்கு எதுக்குத் தெரியணும்? அவனுக்குத் தெரியணும். நான் நாலு காட்டினேன், பெர்னிஸ். கோட்டோரம் நின்னு, பந்து விழுந்த இடத்துல கம்பை ஊன்றி, நாலு காட்டினேன். அவன் கழுத்தைத் திருப்பினாப் போதும்."

"திருப்பினானே. நான் பாத்தேன். ஓரமாத்தான் பாத்தான்."

"பாத்தா ஏன் அடிச்சான்?"

"அதைத்தான் முப்பது வருஷமா யோசிக்கிறேன்."

"அப்ப நான் காட்டலைங்கிறியா?" அப்பாவின் காது சிவந்துவிட்டது. உப்புக் குடுவையை ஒரு பக்கமும் கெச்சப் புட்டியை ஒரு பக்கமும் நகர்த்தினார். "இங்க கர்ட்டிஸ். இங்க பிடிச்சவன். இங்க நான்." மிளகுக் குடுவைதான் அப்பா. ஆனால் பீட், பந்து பிடித்தவன் இன்னும் தள்ளி நின்றான் என்று கெச்சப்பை நகர்த்தினார். பெர்னிஸ் அதைத் திரும்ப இழுத்தார். புட்டி சாய்ந்து டெல்பர்ட் மடியில் கொட்டியது.

"இது மேஜையில முடியாது" என்று அப்பா எழுந்தார். "வெளிய வாங்க. காட்டுறேன். ட்வைலா, ஒரு கம்பு கொண்டா. மேல எண் வேணும். ஒழுங்காச் செஞ்சாத்தான் இவ நம்புவா."

நான் தரை துடைக்கும் நீளக் கம்பை எடுத்தேன். மேஜைகளில் வைக்கும் எண் அட்டைகள் வளையத்தில் கோத்துக் கிடந்தன. ஒன்று முதல் நான்கு வரை மட்டும் பிரித்து, கம்பின் உச்சியில் துணி மாட்டும் கிளிப்பால் தொங்கவிட்டேன். அப்பா வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான், இதே மாதிரிதான் இருக்கும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

ஐந்து பேரும் வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் கர்ட்டிஸ் கண்ணாடியை இறக்கினார்.

"முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல. இறங்கு" என்றார் பெர்னிஸ். "நீ எறியணும்."

"நான் இதுல கலந்துக்கக் கூடாது. விதி."

"உள்ள வரக் கூடாதுன்னுதான் விதி. இது வெளிய."

டெல்பர்ட் தன் கால்சட்டையைத் துடைத்துக்கொண்டே, விதியில் அதற்கு இடம் இருப்பதாகச் சொன்னார். பீட் தன் வண்டியில் கிடந்த பந்தை எடுத்து வந்தார். அன்று பந்தைப் பிடித்த பையன் எப்போதோ டெக்சாஸ் போய்விட்டான். யார் பிடிப்பது என்று கேட்டதும் ஸ்டூவி கை தூக்கினார்.

"நீயா?" என்றார் பீட்.

"ஏன், நான் பிடிக்கக் கூடாதா? நாலு வருஷம் ஆடினேன். ஒரு பந்து என் கைக்கு வந்ததில்ல. ஒவ்வொரு தடவையும் எவன் வயித்துலயாவது முட்டிக்கிட்டுத்தான் நின்னேன்."

"நீ ஓடினா ஆம்புலன்ஸ் வரும்."

"வரட்டும். பிடிச்சுட்டு ஏறிக்கிறேன்."

கர்ட்டிஸ் இறங்கினார். வலது தோளை ஒருமுறை சுழற்றினார், முகம் சுளித்தார். பந்தைக் கையில் வாங்கியதும் விரல்கள் தாமாகத் தையல் நூலைத் தேடிப் போவதைப் பார்த்தேன். சமையல் எரிவாயுத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் கோடுதான் ஓரக்கோடு என்று முடிவாயிற்று. அப்பா அங்கே போய் விறைப்பாக நின்றார். கம்பின் உச்சியில் மூன்று.

"மூணாவது முயற்சி" என்று டெல்பர்ட் நடுவராகி அறிவித்தார். உணவகத்தில் மிச்சமிருந்த ஆட்கள் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தை முட்டை திருப்பும் கரண்டியோடு வந்து நின்றாள்.

பீட் குனிந்து கால்களுக்கு நடுவே பந்தைக் கொடுத்தார். ஸ்டூவி ஓட ஆரம்பித்தார். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் நிற்கவும் இல்லை. கர்ட்டிஸ் இரண்டு அடி பின்வாங்கினார். ஸ்டூவி திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போய்விட்டது. அவ்வளவு தூரத்துக்கு அது ஆடாமல் அசையாமல் சுழன்றுகொண்டே போயிற்று. வாசலில் யாரோ "அடேயப்பா" என்று மெதுவாகச் சொன்னார்கள். பந்து எரிவாயுத் தொட்டிக்கு மேலாக வளைந்து இறங்கி, ஸ்டூவியின் நெஞ்சில் மோதி எகிறி, அவர் தாடைக்கும் இரண்டு கைகளுக்கும் நடுவில் சிக்கி நின்றது. ஸ்டூவி அப்படியே குப்பைத் தொட்டி மேல் சாய்ந்தார். பந்தை விடவில்லை.

வாசலே அலறியது. நானும் கத்தினேன், என் குரலை நானே கேட்டது அப்போதுதான். பெர்னிஸ் குதித்தார், டெல்பர்ட் தொப்பியை வீசினார். அப்பா கம்பை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "பிடிச்சான், பிடிச்சான்டா" என்று மஞ்சள் கோட்டோரமாகத் துள்ளிக்கொண்டே ஓடினார். ஸ்டூவி விழுந்த இடத்துக்கு வந்து கம்பைச் சிமென்ட் தரையில் ஓங்கி ஊன்றினார்.

"ஒரு சாண் குறைச்சல்" என்று டெல்பர்ட் முஷ்டியைத் தூக்கிக் கத்தினார். "கடிகாரம் ஓடுது. வரிசை, வரிசை."

பீட் மூச்சு வாங்க ஓடி வந்து குனிந்தார். ஸ்டூவி பந்தை விட மனமில்லாமல் கொடுத்தார். கர்ட்டிஸ் பின்னால் வந்து நின்று கைகளை நீட்டினார். அன்று செய்ததைப் போலவே ஓரத்தைப் பார்த்தார்.

பந்து அவர் கைக்கு வந்தது. அவர் அடிக்கவில்லை. பந்தைப் பிடித்தபடி ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடி" என்றார் அப்பா. "அன்னைக்கு அடிச்ச மாதிரி அடி. எல்லாரும் பாக்கட்டும். நான் இங்க காட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

கர்ட்டிஸ் அசையவில்லை. பெர்னிஸ் அவர் பார்வை போன பக்கம் திரும்பினார். பிறகு பீட் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கம்பின் உச்சியைப் பார்த்தார்கள். அத்தைதான் முதலில் பேசினாள்.

"லாய்ட். மேல பாரு."

அப்பா அண்ணாந்து பார்த்தார். மூன்று.

முதலில் அவர் கிளிப் சரியில்லை என்று நினைத்தார். அட்டையைத் தொட்டுப் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் இருந்தது. புரட்டினால் புரளும். அவர் புரட்டவில்லை, அவ்வளவுதான்.

"இது இப்போ நடந்தது" என்றார் அப்பா. "ஸ்டூவி பிடிச்சுட்டானேன்னு... யாரும் எதிர்பாக்கல. அன்னைக்கு நான் கல்லு மாதிரி நின்னேன்."

எனக்குச் சோபாவில் கயிறு கட்டிய ரிமோட் நினைவுக்கு வந்தது. அப்பா தற்செயலாக என் பக்கம் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

"கர்ட்டிஸ்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு நீ என்ன பாத்த?"

"மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு, லாய்ட்."

"அதைக் கேக்கல."

"எண்ணுறது குவாட்டர்பேக் வேலை. கம்பைப் பாத்து ஆடுறவன் குவாட்டர்பேக் இல்ல. நான் எண்ணியிருக்கணும்."

"மூணா, நாலா?"

கர்ட்டிஸ் பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "மூணு" என்றார்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"சொன்னா உன் பக்கம் நாலு விரல் காட்டுவாங்க. எனக்குப் பழகிருச்சு. உனக்கு அப்போ கல்யாணம் ஆகி ஒரு மாசம்."

அவர் பந்தைப் பீட்டிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. பீட்தான் ஆரம்பித்தார்.

"சரி, கம்பு தப்பு. ஆனாலும் எண்ணியிருக்கணும். அவனே சொல்றான்."

"அவனுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தது யாரு?" என்றார் பெர்னிஸ். "கோச். மைதானத்து ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாரே, அவர் எண்ணினாரா? ஏன் கத்தல? மூளை எங்க போச்சு, லாய்ட்? கை மட்டும் எப்படித் தப்பு பண்ணும்?"

அப்பா கம்பைத் தன் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார். மூன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஓட்டை யாரும் காட்டிப் போட மாட்டார்கள், கைக்குள் மறைத்துத்தான் போடுவார்கள். அப்பா சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து ஓர் இளஞ்சிவப்புப் பொட்டலத்தை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு விரலில் பிடித்து, ஹெல்மெட்டுக்குள் போட்டார்.

மற்றவர்களும் போட்டார்கள். டெல்பர்ட் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். அப்பாவுடையது. பெர்னிஸுடையதும் இளஞ்சிவப்பு. இரண்டு வெள்ளை. கடைசியாக ஹெல்மெட்டின் உள்பஞ்சில் ஒன்று சிக்கியிருந்தது. டெல்பர்ட் விரலைவிட்டுத் தோண்டி எடுத்தார்.

இளஞ்சிவப்பு.

பீட் மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார். "ஸ்டூவி."

"என்ன?"

"என்ன பண்ணின?"

"அவன் எனக்கு எறிஞ்சான், பீட்" என்றார் ஸ்டூவி. நெஞ்சில் பந்து பட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "கோச் ஒரு தடவைகூட எறியச் சொன்னதில்ல."

"நான் வீட்டுக்கு உன் வண்டியில வரமாட்டேன்."

"அது உன் வண்டி."

பெர்னிஸ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அத்தை அடுப்படியில் எதையோ எதன்மேலோ தட்டினாள். டெல்பர்ட் பொட்டலங்களைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டுக்கொண்டே, கோச்சின் மனைவியிடம் தானே போய்ப் பேசுவதாகச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லாய்ட். பை யார் கொண்டுபோகணும்னு உனக்கே தெரியும்."

அத்தை பெரிய துண்டாக வெட்டித் தந்தாள். அப்பா தட்டை ஒரு கையில் எடுத்தார். இன்னொரு கையில் கம்பையும் எடுத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் காபிக் குடுவையோடு பின்னால் போனேன்.

கர்ட்டிஸ் கண்ணாடியை இறக்கினார். அப்பா தட்டை நீட்டினார். ஊரிலேயே அதிகம் பேசுகிற மனிதர். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கர்ட்டிஸ் தட்டை வாங்கிக்கொண்டு, பையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் நம்பாதவர் போல என் பக்கம் திரும்பினார்.

"கொடுத்துட்டாங்க" என்றேன்.

கர்ட்டிஸ் ஸ்டியரிங் மேல் தட்டை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். மூச்சை இழுத்து விட்டார். பிறகு ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை. உள்ளே இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். ஸ்டூவி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நான்கு விரலைத் தூக்கினார். பெர்னிஸும் தூக்கினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அப்பா அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கம்பைச் சாய்த்துப் பிடித்தார். கிளிப்பில் தொங்கிய அட்டையைக் கட்டைவிரலால் புரட்டினார். நான்கு வந்தது. சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாலையைக் கடந்து வீட்டுப் பக்கம் நடந்தார்.

"லாய்ட், என் துடைப்பக் கம்பு" என்று அத்தை வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. சாலை வளைவு வரை அந்த நான்கு தெரிந்துகொண்டே இருந்தது.